கேரல் ஏறினால் நிற்கும் வண்டி

ஜூன் 7, சனி

வண்டி இன்று ஆனந்த ராவ் சர்க்கிளில் நின்றுவிட்டது. நடு சிக்னல். பின்னால் ஒரு பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் பெங்களூரு முழுவதும். பக்கத்து சீட்டில் கேரல்.

வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு இவ்வளவு வேர்த்திருக்காது. கேரல் எங்கள் கோவில் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, பெண்களில் கீழ்க்குரல். இன்சூரன்ஸ் ஆபீசில் வண்டி க்ளெய்ம்களை விசாரிக்கிற வேலை. அண்ணன் குடும்பத்தோடு ஒக்கலிபுரம் போன பிறகும் சனிக்கிழமை பிராக்டிஸுக்குக் காக்ஸ் டவுன் வரை வந்துகொண்டிருக்கிறார். நான் டெனர், ஆண்களில் மேல்குரல். பள்ளிக்கூடத்தில் ஜியாகரஃபி மாஸ்டர். வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. வேண்டாம் என்று இருந்ததில்லை, அப்படியே விட்டுப்போயிற்று. போன வாரம்தான் தைரியம் வந்து, "பஸ்ஸுல ஏன் கஷ்டப்படறீங்க, நான் ட்ராப் பண்றேன்" என்று கேட்டேன். சரி என்றார்.

என் பக்கம் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் வண்டியைக் கழுவினேன். பிராக்டிஸுக்குப் போகிற வழியில் ஃபுல் டேங்க் போட்டேன். ஃபுல் டேங்க் என்றால் ஊர் போடுகிற ஃபுல் டேங்க் அல்ல. பம்ப் 'டக்' என்று தானாக நிற்கும். அது நம்மை ஏமாற்றுவதற்காக வைத்தது. டேங்கில் இன்னும் இடம் இருக்கும். பங்க்கில் இருக்கும் கண்ணாவுக்கு என்னைத் தெரியும். 'டக்'குக்கு மேல் மெதுவாக ஊற்றுவார். பிறகு அவரும் நானும் பின்பக்கம் கை வைத்து வண்டியை நன்றாக ஆட்டுவோம். அரிசி டப்பாவைத் தட்டித் தட்டி நிரப்புகிறோமே, அது மாதிரிதான். காற்று போய் இடம் வரும். இன்னும் ஊற்றுவார். இன்னும் ஆட்டுவோம். கழுத்துவரை தளும்பினால்தான் எனக்கு மனசு நிறையும். கேரல் உட்காருகிற வண்டியில் பெட்ரோல் முள் பாதியில் தொங்கினால் அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

இவ்வளவு செய்தும் நின்றது. சாவியைத் திருப்பினால் இருமுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. டிராஃபிக் போலீஸ்காரர் வந்து, "முந்தெ ஹோகி சார், முந்தெ ஹோகி!" என்று முன்னால் போகச் சொல்லிக் கத்தினார். "ஹோக்தா இல்ல சார்" என்றேன். போகவில்லை என்பதற்கு மேல் எனக்கு என்ன கன்னடம் தெரியும்?

கேரல் இறங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, போலீஸ்காரரோடு சேர்ந்து தள்ளினார். ஓரம் கட்டியதும், "பெட்ரோல் வாசன ரொம்ப வருது சார்" என்றார்.

"புது பெட்ரோல்" என்றேன்.

புது பெட்ரோலாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

காலைப் பூசைக்கு அக்காவை ஏற்றிக்கொண்டு போனேன். முதல் சாவியிலேயே ஸ்டார்ட். துரோகி.

ஜூன் 12, வியாழன்

வழக்கம்போல அக்காவோடு விவேக் நகர் குழந்தை இயேசு கோவில், நவநாள். அல்போன்சா அக்கா, மாமா தவறியதிலிருந்து என்னோடு இருக்கிறாள். வியாழன் தவறாமல் போய்விட வேண்டும், முன்சீட்டில்தான் உட்கார வேண்டும், ஏசி போடக்கூடாது. வண்டி போகும்போதும் வரும்போதும் ஒரு முக்கல் முனகல் இல்லை.

"சனிக்கிழம நின்னுச்சாமே? யாரு இருந்தா வண்டில?" என்று கேட்டாள். சொன்னேன். "ஓஹோ" என்றாள். அக்கா 'ஓஹோ' என்றால் அதற்குள் ஒரு வாரத்துக்கான விஷயம் இருக்கும்.

ஜூன் 14, சனி

மறுபடியும்!! கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கத்தில். இந்தத் தடவை நிற்பதற்கு முன் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வேறு எரிந்தது. கேரல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தலைவலி என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தானா எரிக் வர வேண்டும்? எங்கள் குழுவில் பேஸ், ஆண்களில் அடிக்குரல், பாடுகிறவன். புதிதாக மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறான். சத்தம் இல்லை, புகை இல்லை, வாசனை இல்லை. பாம்பு மாதிரி பக்கத்தில் வந்து நின்றான். "ஏறு கேரல், நான் விட்டுடறேன்." ஏறிப் போய்விட்டார். திரும்பிக் கையசைத்தார் என்பதையும் எழுதிவிடுகிறேன், நியாயமாக இருக்கட்டும்.

டேங்க் கழுத்துவரை நிரம்பியிருந்தது. யாருக்கு?

ஜூன் 16, திங்கள்

பள்ளி விட்டதும் ஜீவனஹள்ளியில் சீனுவின் கராஜுக்குப் போனேன். சீனு ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்.

"பெட்ரோல் வேப்பர் சிஸ்டத்துல கோளாறுன்னு காட்டுது சார்."

அது என்னவென்று கேட்டேன். டேங்கில் பெட்ரோல் வெயிலுக்கு ஆவியாகிக்கொண்டே இருக்குமாம். பழைய வண்டிகளில் அது சும்மா காற்றில் போய்விடும். இந்தக் காலத்து வண்டியில் வெளியே விடக்கூடாது என்று சட்டம். குழாய் வைத்து உள்ளுக்குள்ளேயே பிடித்து இன்ஜினுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எங்கேயாவது கசிந்தால் மஞ்சள் விளக்கு எரியும்.

"மொதல்ல மூடிய பாக்கலாம். நூத்துல எண்பது வண்டிக்கு மூடிதான்." மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. புது மூடி போட்டார், விளக்கை அணைத்தார். "இனிமே சக்கத்தா, ஜோரா ஓடும் சார்."

ஒரு மூடி! ஒரு மூடிக்காகவா என்னைப் பாடாய்ப் படுத்தியது? வருகிற வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 21, சனி

புது மூடி, அதனால் புது உற்சாகத்தோடு நிரப்பினேன். கண்ணா, "போதும் சார், வழியுது" என்றார். இன்னும் ஒரு ஆட்டு ஆட்டினோம்.

குவீன்ஸ் ரோட்டில் நின்றது. விளக்கும் வந்தது.

கேரல் தானாகவே இறங்கித் தள்ளத் தயாரானார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பழகிவிட்டது அவருக்கு.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா அந்த மஞ்சள் விளக்கின் மேல் புனித கிறிஸ்டோபர் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். பயணம் போகிறவர்களுக்குப் பாதுகாவலர் அவர்தானாம். "இப்ப எரியுதா பாரு" என்றாள். எரிவது தெரியவில்லை. கிறிஸ்டோபரின் தலையைச் சுற்றி மட்டும் லேசாக மஞ்சள் வெளிச்சம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

விவேக் நகர் போய்வந்தோம். வெண்ணெய் மாதிரி ஓடியது. திரும்பி வரும்போது அக்கா தொண்டையைச் செருமினாள். நான்கு நாளாக வைத்திருந்ததைச் சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது.

"தியோ, நான் சகுனம் பாக்கறவ இல்ல. தெனம் பூசைக்குப் போறவ. ஆனா ஒண்ணு சொல்றேன். நான் ஏறுனா ஓடுது, அந்தப் பொண்ணு ஏறுனா நிக்குது. இந்த வண்டிக்கும் அவளுக்கும் ராசி இல்ல."

"அக்கா, அவங்களுக்கு நாப்பத்து மூணு வயசு. பொண்ணு பொண்ணுங்கற."

"நான் ராசியச் சொன்னா நீ வயசச் சொல்ற" என்றாள்.

ஜூன் 28, சனி

பிராக்டிஸ் முடிந்ததும் ஃபாதரைக் கூப்பிட்டு வண்டியை மந்திரிக்கச் சொன்னேன். தீர்த்தம் தெளித்துக்கொண்டே, "பெட்ரோல் இருக்கா தியோடர்?" என்று கேட்டார். "கழுத்து வரைக்கும் ஃபாதர்" என்றேன். பாடகர் குழு முழுக்க நின்று ஆமென் சொன்னது.

கேரல் ஏறினார். வண்டி கேட்டைத் தாண்டவில்லை. கேட்டிலேயே நின்றுவிட்டது. ஃபாதர் ஒன்றும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார். எரிக் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்தான்.

ஜூலை 5, சனி

இதை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

இன்று சிவாஜிநகரில் ஒரு கல்யாணப் பூசையில் எங்கள் குழு பாட வேண்டும். பெண்ணின் அம்மா அக்காவுக்குச் சிநேகிதி என்பதால் அக்காவும் வந்தாள். முன்சீட்டில் அவள். பின்சீட்டில் பாட்டுப் புத்தகக் கட்டோடு கேரல். காலையிலேயே டேங்க் நிரப்பி வைத்திருந்தேன். கோல்ஸ் ரோடு திருப்பத்தில் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது.

அக்கா பின்னால் திரும்பினாள்.

"இங்க பாரும்மா, தப்பா எடுத்துக்காத. வாரா வாரம் இந்த வண்டில நான் போறேன். ஒரு நாள் நின்னதில்ல. நீ ஏறுனா நிக்குது. உனக்கும் இதுக்கும் ராசி இல்ல. இந்த வண்டிக்கு மட்டுந்தானான்னு எனக்குத் தெரியாது."

கேரலின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். கோபம்கூட இல்லை. புத்தகக் கட்டை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து, சத்தம் வராமல் சாத்தினார். ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போனார்.

நான் என்ன செய்தேன்? சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'அக்கா, வாய மூடு' என்று ஒரு வார்த்தை வரலையே எனக்கு! நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவன் நான். தூ.

ஜூலை 6, ஞாயிறு

கேரல் பூசைக்கு வரவில்லை. ஆல்ட்டோ இல்லாமல் எங்கள் பாட்டு உப்பில்லாத கஞ்சி.

ஜூலை 8, செவ்வாய்

எட்டாம் வகுப்புக்கு இன்று பருவக்காற்று நடத்தினேன். காரணம் இல்லாமல் ஒரு மேகம்கூட நகராது என்று பெரிதாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டே நினைக்கிறேன்: வேறு எப்போதாவது வண்டி நின்றிருக்கிறதா? இல்லை. கேரல் ஏறிய நாளில் மட்டும்தான். ஒருவேளை...

ஒருவேளை என்ன, ஒருவேளை? எனக்கே வெட்கமாக இருக்கிறது. அக்கா சொன்னது தப்பு என்று மனசு சொல்கிறது. எதை வைத்துத் தப்பு என்று சொல்வேன்? பதில் இல்லாமல் கேரல் முன்னால் போய் எப்படி நிற்பது?

ஜூலை 12, சனி

கேரல் வீட்டுக்கு வந்தார்!

நான் லுங்கியில் இருந்தேன். ஓடிப்போய் பேன்ட் மாட்டிக்கொண்டு வருவதற்குள் ஹாலில் உட்கார்ந்துவிட்டார். அக்கா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டாள்.

"என் மேல ஒரு க்ளெய்ம் வந்திருக்கு" என்றார் கேரல். "விசாரிக்காம நான் எதையும் ஒத்துக்கறதில்ல. பூனை குறுக்க போச்சு, அதான் போய் மோதிட்டேன்னு எங்க ஆபீசுக்கு வர்றாங்க. அவங்கள கேக்கறத உங்களயும் கேக்கறேன். வண்டி நிக்கற சனிக்கிழமைல, காலையில இருந்து என்னென்ன பண்ணீங்க?"

"எழுந்து பல் தேய்ச்சு..."

"வண்டிக்கு சார்."

"கழுவினேன்."

"வியாழக்கிழம?"

"கழுவ மாட்டேன்."

"சனிக்கிழம கழுவறது தவிர?"

"பெட்ரோல். ஃபுல் டேங்க்."

"வியாழக்கிழம போட மாட்டீங்க?"

"மாட்டேன்."

"ஏன்? பெட்ரோல் சனிக்கிழமதான் வருதா?"

காபியைக் குடித்தேன். அது அவருக்கு வைத்த காபி. சமையலறை வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "சொல்லேன்டா ஏன்னு. எனக்கும் தெரியணும். ஒம்போது வருசமா என்ன ஏத்திட்டு போற, ஒரு நாளாவது எனக்காக நிரப்புனியா?"

"நீங்க வர்றீங்கன்னுதான்" என்றேன் கேரலிடம். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

விசாரணை செய்கிறவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

பிறகு அக்காவைப் பார்த்து, "அக்கா, இந்த வியாழக்கிழம சனிக்கிழம மாதிரியே எல்லாம் பண்ணி உங்கள கூட்டிட்டு போகட்டும். நான் வண்டில ஏற மாட்டேன். ஓடுச்சுன்னா என் ராசிதான்னு நானே ஒத்துக்கறேன். சரியா?" என்றார்.

"சரி" என்றாள் அக்கா. நவநாளுக்குப் போகிறவள் முகமா அது? குத்துச்சண்டைக்குப் போகிறவள் முகம்.

ஜூலை 17, வியாழன்

பரிசோதனை.

பங்க்கில் அக்கா முன்சீட்டில் ஜெபமாலையோடு. கேரல் ஒரு ஆட்டோவில் பின்னாலேயே வந்து ஓரமாக நின்றார். கண்ணா 'டக்'குக்கு மேல் ஊற்றினார். நாங்கள் ஆட்டினோம். அக்காவும் சேர்ந்து ஆடினாள், வேறு வழி? கேரல் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"காத்து வெளிய போகணும்ல" என்றேன்.

"இதையா சனிக்கிழமயெல்லாம் பண்ணீங்க?"

"ஆமா."

"இத ஏன் அன்னிக்கு சொல்லல?"

"பெட்ரோல் போடறதுன்னா இதானே?"

கேரல் கண்ணாவைப் பார்த்தார். கண்ணா வானத்தைப் பார்த்தார்.

டிரினிட்டி சர்க்கிள். சிக்னல் சிவப்பு. வண்டி இருமியது. நான் எந்தப் புனிதரையும் கூப்பிடவில்லை. ஓட வேண்டும் என்று கேட்பதா, நிற்க வேண்டும் என்று கேட்பதா என்று தெரியவில்லை. அக்கா மட்டும் வேகவேகமாக மணி உருட்டினாள். நின்றுவிட்டது.

"நீ வேணும்னே நிறுத்துன!" என்றாள். சாவியை அவள் கையிலேயே கொடுத்தேன். அவளே திருப்பிப் பார்த்தாள். இருமல்தான்.

கேரலின் ஆட்டோ பின்னால் வந்து நின்றது. முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை. நேராக வந்து தள்ளக் கை வைத்தார். அக்கா கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி, செருப்பைக் கழற்றி வண்டிக்குள் வைத்துவிட்டு, அவளும் பக்கத்தில் போய்க் கை வைத்தாள். நான் ஸ்டீயரிங்கில். இரண்டு பேர் பேசுவதும் கேட்டது.

"போன வாட்டி உன்ன சொல்லிட்டேன். இப்ப யாரச் சொல்றது?"

"யாரையும் சொல்ல வேணாங்க்கா. தள்ளுங்க."

ஜூலை 19, சனி

இன்று பெட்ரோல் போடாமல் கேரலை ஏற்றினேன். அவர் கட்டளை. முள் உச்சியிலிருந்து இறங்கியிருந்தது. எனக்கு அரைகுறை உடையோடு ஊர்வலம் போகிற மாதிரி இருந்தது. வண்டி கன்டோன்மென்ட், குவீன்ஸ் ரோடு, ஆனந்த ராவ் சர்க்கிள் எல்லாவற்றையும் தாண்டி ஒக்கலிபுரம் வரை ஓடியது. அவர் வீட்டு வாசலில்கூட இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நான் விடுதல" என்றார் கேரல். "இப்ப வண்டிய சரி பண்ணுங்க. விளக்கு இன்னும் எரியுது. அந்த ஸ்டிக்கர் சாமியார கொஞ்சம் நகத்துங்க."

ஜூலை 22, செவ்வாய்

சீனு கராஜ். கேரல் ஆபீசிலிருந்து நேராக வந்துவிட்டார். நான் சொல்ல வெட்கப்பட்டதை அவரே சொன்னார், செய்தும் காட்டினார். சீனுவின் ஸ்கூட்டரைப் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

சீனு வண்டியைத் தூக்கி, பின்பக்கம் அடியிலிருந்து ஒரு கறுப்பு டப்பாவைக் கழற்றினார். உள்ளே கரி. டேங்கின் ஆவியைப் பிடித்து வைப்பது இதுதானாம். ஆவிதான் போக வேண்டும், சொட்டு பெட்ரோல் போகக்கூடாது. 'டக்' என்று பம்ப் நிற்பது அதற்காகத்தான். மேலே இருக்கும் காலி இடம் ஆவிக்கு உரியது. டப்பாவைச் சாய்த்தார். பெட்ரோல் கொடகொடவென்று கொட்டியது. டீக்கடையில் ஒரு ஜக் நிறைய டீ ஊற்றுகிற மாதிரி. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மூக்குல தண்ணி ஏறிடுச்சு சார்" என்றார் சீனு. "இன்ஜினு இழுக்கறப்ப ஆவிக்குப் பதிலா பெட்ரோலே போயிருக்கு. பொற ஏறி நின்னுருக்கு. ஒண்ணு ரெண்டு நாள் ஓடினா கொஞ்சம் காஞ்சுடும், அதான் வியாழக்கிழம நல்லாருக்கு. நான் மூடியோட விட்டுட்டேன். என் தப்பும் இருக்கு. பழைய வண்டில நானும் ஆட்டினவன்தான், அப்ப ஒண்ணும் ஆகல."

கரித்தூள் போய் இன்ஜின் பக்கத்து வால்வும் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. டப்பா, வால்வு இரண்டும் மாற்ற வேண்டும். சாமான் வர நாளாகும். வண்டி அங்கேயே இருக்கிறது.

ஆக, ஒவ்வொரு சனிக்கிழமையும் கேரலுக்காக நான் செய்த மரியாதைதான் கேரலை நடுரோட்டில் இறக்கியது. என்னைப் போல ஒருவன் ஊரில் இருப்பானா?

ஜூலை 24, வியாழன்

அக்கா இன்று பஸ்ஸில் நவநாளுக்குப் போய்வந்தாள். சாயங்காலம் இரண்டு பேரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். நான் கரி டப்பா கதையைச் சொல்லி முடித்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அவ வந்தா எனக்கு எந்த எடம்டா?" என்றாள்.

"அஞ்சு பேர் ஒக்கார்ற வண்டிக்கா அது."

"நான் வீட்டச் சொல்றேன்."

ராசி ராசி என்று இவ்வளவு நாள் அவள் சொன்னதெல்லாம் இதைத்தானா? அவள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் பாட்டுக்கு வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். அவள் கையில் இருந்த பட்டாணியை வாங்கி நானே உரித்தேன். அழவில்லை, ஆனால் அழுதாற்போல்தான் இருந்தது இரண்டு பேருக்கும்.

ஆகஸ்ட் 2, சனி

வண்டி வந்துவிட்டது. புது டப்பா, புது வால்வு. கிறிஸ்டோபரைக் கராஜ் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார் சீனு. விளக்கு இல்லை, வாசனை இல்லை.

பங்க்கில் 'டக்' என்றதும் கண்ணா என்னைப் பார்த்தார். என் கை தானாகப் பின்பக்கம் போனது. இழுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். "போதும்" என்று என் வாயால் சொன்னேன். 'உடம்பு சரியில்லையா சார்' என்று கேட்கக் கண்ணாவுக்குத் தோன்றியது போலிருக்கிறது, கேட்கவில்லை.

கேரலை ஏற்றினேன். ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் வண்டி நிற்கும்போதுதானே நாங்கள் பேசினோம்! ஓரம் கட்டி, போலீஸ்காரரைப் பார்த்து, தண்ணீர் குடித்து... இன்று கேட்டுவிட வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நான் முதல் வரிக்கு வருவதற்குள் அவர் வீட்டுக்குப் பக்கத்து மெஜஸ்டிக் வந்துவிட்டது. இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

"இந்தப் பாலத்த இப்பதான் பாத்தோம்" என்றார் கேரல்.

மூன்றாவது சுற்றில் ஓரம் கட்டினேன்.

"என்னாச்சு? மறுபடியுமா?"

"இல்ல. நானே நிறுத்துனேன்."

கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுத மாட்டேன். பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

கேரல் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இதுல உங்க அக்காவும் ஒரு பார்ட்டி. அவங்கள விசாரிக்காம நான் பதில் சொல்ல முடியாது." பிறகு, "எனக்கு ஆட்சேபண இல்ல. அத எழுதி வெச்சுக்கங்க" என்றார்.

எழுதி வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா திருநாள். சிவாஜிநகரில் கூட்டத்தில் மூச்சுவிட முடியவில்லை. பாடி முடித்து வெளியே வந்தால், கேரலும் அக்காவும் பலூன்காரன் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். கையில் பொரி பொட்டலம். கிட்டே போனேன். "நீ போடா" என்றாள் அக்கா. போனேன். தூரத்திலிருந்து பார்த்தேன். அக்கா தலையாட்டினாள், கேரல் தலையாட்டினார், இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான்.

வரும்போது அக்கா சொன்னாள்: "என்னா கேள்வி கேக்கறா அந்தப் பொண்ணு! காலைல எத்தன மணிக்கு எழுந்திருப்பேன், எந்த ரூமு, எந்த டிவி சீரியலு... எல்லாம் கேட்டுட்டு, 'உங்க ரூம நான் தொட மாட்டேன்க்கா, சீரியல சேந்து பாக்கலாம்'ங்கறா." கொஞ்ச தூரம் போனதும், "மன்னிப்பு கேட்டேன். ரோட்ல வெச்சு அப்படி சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று பூசையில் எங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்று ஃபாதர் படித்தபோது, கோவில் முழுக்க அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அக்கா நேராக பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எரிக் பேஸில் ஒரு இருமல் இருமினான், அவ்வளவுதான்.

நவம்பர் 15, சனி

கல்யாணப் புடவை எடுக்க கமர்ஷியல் ஸ்ட்ரீட் போகிற நாள். சட்டை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு கீழே வந்தேன். கேரல் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். பக்கத்தில் அக்கா, ஏசி போட்டுக்கொண்டு.

"நீ எங்கடா கெளம்பிட்ட?" என்றாள் அக்கா. "எதக் காட்டினாலும் நல்லாருக்கு நல்லாருக்குன்னுவ. நீ வந்து என்ன பண்ணப் போற?"

"வீட்ல இருங்க தியோ" என்றாள் கேரல். "சாதம் மட்டும் வெச்சுடுங்க."

கிளம்பினார்கள். வண்டி தெருமுனைக்குப் போன பிறகுதான், என் போனும் மூக்குக் கண்ணாடியும் டேஷ்போர்டில் இருப்பது ஞாபகம் வந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு ஜீவனஹள்ளி திருப்பம் வரை ஓடினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. மூடின ஜன்னலைத் தாண்டியும் அக்கா எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. மாமா போன பிறகு அவள் இவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன், வரி கோணலாகப் போகிறது. குக்கர் இரண்டு விசில் விட்டாயிற்று. எத்தனை தடவை, எத்தனை சிக்னலில், நிற்காதே நிற்காதே என்று இந்த வண்டியிடம் கெஞ்சியிருப்பேன்! இன்று நான் பின்னாலேயே ஓடியும் அது நிற்கவில்லை.